சூரகானின் பசுவும் என் கத்தியும்

எங்கள் ஊரில் ஒரு மாடு படுத்துவிட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டு டாக்டர் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நான் இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில். அவரிடம் ஊசி இருக்கிறது, என்னிடம் கத்தி இருக்கிறது. பனிக்காலத்தில் ஊசியைவிடக் கத்திதான் சீக்கிரம் வந்து சேரும். "ஆஷிராலி வந்தா வீண் போகாது" என்று ஒரு பேச்சு இங்கே உண்டு. வீண் போகாதது மாடு இல்லை, கறி. இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்காமலே அறுபது வயதுவரை அந்தப் பேச்சைப் பதக்கம் போல மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

நான் சொல்ல வந்தது சூரகானைப் பற்றி. நடுவில் நானும் வருவேன். வராமலிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

சூரகான் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வாழ வந்தவள். அவள் கணவன் மெடெர் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. வந்த முதல் வாரம் பால் கறக்க உட்கார்ந்தபோது மாமியார் வீட்டுப் பசு அவளை வாளியோடு உதைத்துத் தள்ளியது. சுவருக்கு வெளியே கூடி நின்ற பெண்கள் சிரித்தார்கள். இவள் பாவாடையில் ஒட்டிய சாணத்தைத் தட்டிக்கொண்டு, "உதைக்கல, அறிமுகம் செஞ்சுக்கிச்சு" என்றாள். அன்றிலிருந்து இவள் வாய்க்கு ஊரில் மரியாதை வந்துவிட்டது.

ஆனால் அந்த வாய் எல்லார் முன்னாலும் திறக்காது. வாழ வந்த பெண் கணவனுடைய அண்ணன்மாரை எதிர்த்துப் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. மூத்தவன் ஒன்று சொன்னால் தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். சூரகான் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னிடம் சொல்ல வேண்டியதைப் பசுவிடம் சொல்வாள், என் காதில் விழும்படி. ஒருமுறை அவள் தொழுவத்துக் கூரையில் புல்லை எப்படி அடுக்க வேண்டும் என்று நான் அரை மணி நேரம் கீழே நின்று உபதேசம் செய்தேன். அவள் பசுவின் பக்கம் திரும்பி, "கேட்டியா காஷ்கா, கீழ நிக்கிறவங்களுக்குத்தான் கூரை நல்லாத் தெரியுமாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. பசுவோடு நான் எப்படிச் சண்டைக்குப் போவது?

நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அந்தப் பசுவுக்குக் காஷ்கா என்று பெயர். மாமியார் போன பிறகு அது சூரகான் பொறுப்புக்கு வந்தது. மெடெர் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான், தொழுவத்துக்கு ஒரு கதவு போடுவான், போய்விடுவான். மிச்சமெல்லாம் அவள்தான். நவம்பரில் பனி இறங்கினால் ஏப்ரல்வரை விடிந்ததும் கோடரியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்ப் பனிக்கட்டியை உடைப்பாள். தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பில் வெதுவெதுப்பாக்கி மாட்டுக்கு வைப்பாள். கூரையிலிருந்து காய்ந்த புல்லைக் கொக்கியால் இழுத்துப் போடுவாள். சாணத்தை அள்ளிக் கட்டிகளாக வெட்டி அடுக்குவாள், அதுதான் அடுப்புக்கு. ஆறு ஆடும் ஒரு பசுவும் வைத்திருக்கும் வீட்டில் இதெல்லாம் முடிவதற்குள் பகல் முடிந்துவிடும். தெருவிலுள்ள ஆடுகளையெல்லாம், காற்றடித்துப் பனி விலகிய சரிவுக்கு மேய ஓட்டிப் போவது வீட்டுக்கு வீடு முறை மாறி வரும் வேலை. ஆண்கள் குதிரையில் போவார்கள். இவள் முறை வந்தால் நடந்தே போவாள்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். காலையில் பால் தேநீர், மதியம் தயிர் கரைத்த கஞ்சி, ராத்திரி ரொட்டியில் வெண்ணெய். அந்த வீட்டில் பனிக்காலம் என்றால் காஷ்காவின் மடிதான். இது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தப் பிப்ரவரியில் காஷ்கா ஐந்தாவது கன்று போட்டது. கிடேரி. காலையில் சூரகான் ஒரு கிண்ணம் சீம்பால் கொண்டுவந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "பொண்ணு பொறந்திருக்கா, அண்ணே. நெத்தியில அம்மா மாதிரியே பொட்டு" என்றாள். என் மனைவி புருல் சீம்பாலைக் கட்டியாகக் காய்ச்சினாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அதே பகலில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சுவை முதலில் நாக்கில் வந்து நிற்கிறது.

மதியத்துக்குள் சுவருக்கு அப்பாலிருந்து சூரகானின் குரல் கேட்டது. "அக்கா, காஷ்கா எழுந்திரிக்க மாட்டேங்குது." நான் போனேன். கத்தியையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். யாரும் கேட்கவில்லை. மாடு படுத்தால் நான் கத்தியோடு போவது பழக்கம்.

காஷ்கா தொழுவத்தில் கால்களை மடித்துப் படுத்திருந்தது. தலை வயிற்றுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. மூக்கு வறண்டிருந்தது. காதைத் தொட்டேன், பனிக்கட்டி. சூரகான் தன் கல்யாண ரஜாயை எடுத்து அதன் முதுகில் போர்த்தியிருந்தாள். எனக்கு முன்பே மூன்று ஆண்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் கனீபெக், எதிர் வீட்டுக்காரன். ஏற்கெனவே சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான்.

"மேட்டுக்குப் போய் டாக்டர் பெய்ஷெனுக்கு ஃபோன் போட்டேன், அண்ணே" என்றாள் சூரகான். எங்கள் ஊரில் மேட்டில் ஏறினால்தான் ஃபோன் எடுக்கும். "இப்பவே கிளம்புறேன்னாரு. ரெண்டு மணி நேரமாகும், அதுவரைக்கும் சாய விடாம உக்கார வெச்சுக்கன்னாரு."

"கிளம்புறது பெரிசில்லம்மா, வந்து சேரணுமே" என்றேன். "நேத்து கணவாயில லாரியே நின்னுபோச்சு. அவரோட தகர டப்பா எங்க ஏறப்போகுது?"

கனீபெக் ஒத்து ஊதினான். "போன வருஷம் இப்படித்தான் எங்க மாமனார் வீட்டுல டாக்டர் டாக்டர்னு காத்திருந்தாங்க. டாக்டர் வந்தாரு. மாடு போயிருந்துச்சு. நாலு நாள் நாய்ங்களுக்குக் கொண்டாட்டம்."

நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். கழுத்தில் கத்தி படும்போது உயிர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹராம், ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது. இத்தனை புல் தின்று வளர்ந்த ஒரு மாட்டை ஹராமாகப் போகவிட்டான் என்றால் அந்த வீட்டைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவார்கள். அதனால் மாடு கண் சொருகினால் எங்களுக்குக் கை பரபரக்கும். பதறாத காரியம் சிதறாது என்று சொல்வதெல்லாம் மற்ற விஷயங்களுக்குத்தான்.

சூரகான் காஷ்காவின் முகத்தருகே குந்தி உட்கார்ந்து அதன் காதை இரண்டு கையாலும் தேய்த்தாள். "கொஞ்சம் எழுந்திரிச்சுக் காட்டேன்டி" என்றாள் அதனிடம். "ஒரு கால ஊனிக் காட்டு போதும். பெரியவர் நம்புவாரு. டாக்டர் வர்ற வரைக்கும் விட்டுருவாரு."

எனக்குத்தான் அது. தெளிவாகக் கேட்டது. காஷ்கா முன்னங்காலை இழுத்துப் பார்த்தது, முடியவில்லை. எங்களைப் பார்த்தது.

"இதோ பாரும்மா" என்றேன். என் குரலை நானே ரசிக்கும் வயது எனக்கு. "அரை மணி நேரம் தாங்காது. இப்பவே பாதி போயிடுச்சு, அதுக்கு வலிகூடத் தெரியாது. உசுரு போன பொறகு டாக்டர் வந்து என்ன செய்வாரு, பாத்திஹா ஓதுவாரா? மெடெர் ஃபோன் பண்ணா என்ன சொல்லுவே? பசுவும் இல்ல, கறியும் இல்லன்னா?"

"மூத்தவர் சொன்னாக் கேளு, தங்கச்சி" என்றான் கனீபெக்.

அவள் தேய்த்துக்கொண்டிருந்த காதை விட்டாள். பிறகு எழுந்து ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். தொழும் திசையான கிப்லா பக்கம் அதன் தலையைத் திருப்பியதும் அவள்தான். வேறு யாராவது திருப்பினால் மிரளும் என்றாள்.

உள்ளங்கைகளை ஏந்தினோம், முகத்தைத் தடவிக்கொண்டோம். பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன்.

சாகக் கிடக்கும் மாட்டின் ரத்தம் சோம்பலாக வரும். நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன். காஷ்காவின் ரத்தம் அப்படி வரவில்லை, பீய்ச்சி அடித்தது. மூன்று ஆண்கள் பிடித்தும் பின்னங்கால் கனீபெக்கைத் தூக்கிச் சுவரில் அடித்தது. என் கைக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாய்தான், "இதோ பாரு, சரியான நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கத்தியைக் கழுவ ஓடைப் பாலத்துக்குப் போனேன். எங்கள் தெரு முடியும் இடத்தில் அந்தப் பாலம். சூரகான் வீட்டு வாசலில் நின்று கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரியும். பனியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு குதிரை வந்தது. மேலே டாக்டர் பெய்ஷென். மீசையெல்லாம் பனி. காரைக் கணவாய் அடியில் விட்டுவிட்டு, ரோடு வேலைக்காரர்களிடம் குதிரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு மணி நேரம் என்று சொன்னவர் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"சூரகான் வீடு எது?" என்றார்.

"முடிஞ்சுபோச்சு, டாக்டர்."

அவர் என் கத்தியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. "எப்பக் கன்னு போட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம்."

"காது சில்லுனு இருந்துச்சா? தலைய வயித்துப் பக்கம் மடக்கிக்கிச்சா?"

"ஆமா."

கோட்டுக்குள் கைவிட்டு இரண்டு பாட்டில்களை எடுத்துக் காட்டினார். உறையாமலிருக்க அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். "இத நரம்புல ஏத்தியிருந்தா, நீங்க ஒரு கெட்டில் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எழுந்து நின்னு புல்லு கேட்டிருக்கும். கன்னு போட்ட பசுவுக்கு உடம்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோட இறங்கிப் போயிடும். நல்லாப் பால் குடுக்கிற பசுவுக்குத்தான் இது வரும். அவ்வளவுதான் விஷயம்."

நான் கத்தியைப் பனியில் அழுத்தித் துடைத்தேன்.

"அந்தம்மாகிட்டச் சொல்லிட்டுப் போறேன்" என்றார் அவர். "அடுத்த தடவை காத்திருப்பாங்க."

"வேணாம், டாக்டர். அழுதுக்கிட்டிருக்கா. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"கட்டாயம் சொல்லணும்."

"சொல்றேன்."

அவர் தேநீர்கூடக் குடிக்காமல் குதிரையைத் திருப்பினார். நான் அவரைத் தேநீருக்குக் கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் எதிரிக்குக்கூட அந்த அவமரியாதையைச் செய்ய மாட்டோம்.

பாலத்திலிருந்து அவள் வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடிக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். தொழுவத்தில் அவள் கன்றை மடியில் போட்டுக்கொண்டு, விரலைப் பாலில் தோய்த்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கறந்த மிச்சப் பால்.

"குதிரைச் சத்தம் கேட்டுச்சே?" என்றாள்.

"ரோடு வேலைக்காரன். டாக்டர் கார் கணவாயில மாட்டிக்கிச்சாம். அங்கிருந்தே திரும்பிட்டாராம், சொல்லிவிட்டிருக்காரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். "நல்லவேளை, அண்ணே. உங்க பேச்சக் கேக்காம காத்திருந்தா ஹராமாப் போயிருக்கும்."

நல்லவேளை. இந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுடும். பனியில் நிற்பதால் சிவந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

வழக்கப்படி தெருவே ஆளுக்கொரு பங்கு கறி எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் புல்லும் மாவும் கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கியது. "இப்படி ஒரு கறி பாத்ததே இல்ல, நோய்கண்ட மாடுன்னு சொல்லவே முடியாது" என்று பாராட்டினார்கள். அறுத்தவன் பங்கு என்று கழுத்துக் கறியை எனக்கு அனுப்பியிருந்தாள். புருல் சமைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பல்வலி என்றேன்.

"இருக்கிறதே நாலு பல்லு" என்றாள் புருல். "அதுல எது வலிக்குது?"

கன்று பிழைத்தது. எங்களிடம் இரண்டு பசு இருந்ததால் தினமும் கன்றுக்கும் பிள்ளைகளுக்கும் பால் அனுப்பினேன். ஊர் அதையும் பாராட்டியது. கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன், அந்தச் சோற்றையும் தானமாகப் போட்டேன். மெடெர் ரஷ்யாவிலிருந்து ஃபோனில் அழுதான். "நீங்க இல்லேன்னா என் வீடு என்ன ஆகியிருக்கும், அண்ணே" என்றான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம். மேட்டில் காற்று அதிகம், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அடுத்த பனிக்காலத்தில் கனீபெக்கின் பசு கன்று போட்ட மறுநாள் படுத்தது. அதே மடங்கிய தலை, அதே சில்லிட்ட காது. என்னைக் கூப்பிட்டார்கள். தெருவே கூடியிருந்தது.

"டாக்டருக்குச் சொல்லுங்க" என்றேன். "காத்திருந்து பாக்கலாம்."

கனீபெக் என்னை விநோதமாகப் பார்த்தான். "நீங்களா சொல்றீங்க?"

அப்போது சூரகான் முன்னால் வந்தாள். மூத்தவன் முன்னால் பேசாதவள், அன்று பேசினாள். எனக்காகத்தான் பேசினாள். "காத்திருக்காதீங்க. நானும் அன்னைக்கு டாக்டர் வருவாரு வருவாருன்னு முரண்டு பிடிச்சேன். அவரு பாதி வழியிலயே திரும்பிட்டாரு. அண்ணன் மட்டும் அன்னைக்கு உறுதியா நிக்கலேன்னா எங்க காஷ்கா நாய்க்குத்தான் போயிருக்கும். இப்ப அவரு மனசு இளகிச் சொல்றாரு. கேக்காதீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் மூன்றே வார்த்தை போதும். டாக்டர் அன்னைக்கு வந்தாரு, அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். "எனக்கு மணிக்கட்டு சுளுக்கியிருக்கு" என்று வந்தது. கனீபெக்கின் தம்பி அறுத்தான். நான் வீட்டுக்கு வந்து நல்ல மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புருல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டேன். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு நான் பூமிக்குள் போயிருக்க வேண்டும்.

அதற்கடுத்த பிப்ரவரியில் என் பசு படுத்தது.

மூத்த பசு, ஆறாவது கன்று. விடிந்து பார்க்கும்போது தலையை மடக்கிக்கொண்டு கிடந்தது. நான் கோட்டுகூடப் போடாமல் மேட்டுக்கு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடியதை ஊரே பார்த்திருக்கும். டாக்டர் பெய்ஷென் ஃபோனை எடுத்து, "கிளம்பிட்டேன், கத்திய ஒளிச்சு வைங்க" என்றார்.

திரும்பி வருவதற்குள் புருல் கத்தியைத் தீட்டி எடுத்து வைத்திருந்தாள். சூரகான் கயிறும் பெரிய தட்டுமாக வந்து நின்றிருந்தாள். கனீபெக் பசு போனதிலிருந்து யார் வீட்டில் மாடு படுத்தாலும் முதலில் ஓடி வருவது அவள்தான்.

"அண்ணே, ஏன் நிக்கிறீங்க?" என்றாள். "அரை மணி நேரம் தாங்காது. காதத் தொட்டுப் பாத்தேன்."

"டாக்டர் வரட்டும்."

"வர மாட்டாரு, அண்ணே. பனி கொட்டுது. எனக்குச் சொன்ன புத்திய நீங்களே மறந்துட்டீங்களா?"

"அடுத்தவன் மாடுன்னா அரை நிமிஷத்துல அறுப்பாரு" என்றாள் புருல். "சொந்த மாடுன்னதும் கை நடுங்குது பாரு."

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாய்ந்துவிடாமல் இருக்கச் சூரகான் அதன் விலாவில் முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாள். இடையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்தாள்.

டாக்டர் இந்த முறை காரிலேயே வந்தார். நரம்பைத் தேடி ஊசியைக் குத்தி, பாட்டிலைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். முதல் பாட்டில் முடிவதற்குள் பசுவுக்கு உடம்பு நடுங்கியது. ஒரு பெரிய ஏப்பம் விட்டது. இரண்டாவது பாட்டில் பாதியில் சாணி போட்டது. பிறகு பின்னங்கால்களை ஊன்றி, ஒருமுறை தடுமாறி, எழுந்து நின்றது. நின்றதும் கன்றைத் தேடிக் கத்தியது.

புருல் அழுதுகொண்டே, "டீ போடுறேன்" என்று உள்ளே ஓடினாள்.

"காலெல்லாம் மரத்திருக்கும், வைக்கோலால நல்லாத் தேச்சு விடுங்க" என்றார் டாக்டர். கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கு மாதிரி பாலத்துலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு நெனச்சேன்." தேநீர் குடிக்க உள்ளே போனார். என் பக்கத்தில் நிற்கிறவள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவள் குரலை ஃபோனில் கேட்டதோடு சரி.

சூரகான் வைக்கோலைச் சுருட்டிப் பின்னங்காலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். கை நிற்கவில்லை.

"எந்தப் பாலம்?" என்றாள்.

"நம்ம பாலந்தான்."

"அறுக்கறதுக்கு முன்னாடியா, பொறகா?"

"பொறகு. கத்தி கழுவப் போனப்போ."

"மருந்து வெச்சிருந்தாரா?"

"ரெண்டு பாட்டில்."

அவள் புது வைக்கோலை எடுத்துச் சுருட்டினாள். "அன்னைக்கு அது ஒரு கால இழுத்துப் பாத்துச்சு" என்றாள். "எழுந்திரிக்கத்தான் பாத்திருக்கு. நான் கயித்த எடுத்துக் கொடுத்துட்டேன்."

"உன் தப்பு ஒண்ணுமில்லம்மா. எல்லாம் என்னோடது. பயந்துட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு. நாள் ஆக ஆக இன்னும் வெக்கம்." இப்படியெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தது. வெளியே வந்தபோது அரைக் காசு பெறவில்லை.

அவள் நிமிர்ந்து, முதல் முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். "கனீபெக் பசுவும் இப்படித்தானே படுத்திருந்துச்சு?" என்றாள்.

"ஆமா."

"காத்திருக்காதீங்கன்னு நான்தானே சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னாடி."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பசுவைக் கொன்றதைத்தான் இத்தனை நாள் என் பாவம் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அவள் வாயையும் நான் பொய்யாக்கியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த சொத்து அந்த வாய் ஒன்றுதான்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றேன். "டாக்டர் போகட்டும், சாயங்காலம் கனீபெக்கக் கூப்பிட்டு..."

"நீங்க இந்தக் காலத் தேய்ங்க. இன்னும் சில்லுனு இருக்கு." வைக்கோலை என் கையில் வைத்துவிட்டு எழுந்தாள். கயிற்றையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். தொழுவத்துக் கதவு வழியாகப் பார்த்தேன். தன் வாசலைத் தாண்டித் தெருவைக் கடந்து போனாள். முழங்கால்வரை பனி, யாரும் இன்னும் வழி வெட்டியிருக்கவில்லை. அதில் கால் புதையப் புதையக் கனீபெக் வீட்டுக் கதவுக்குப் போய்த் தட்டினாள்.

அவள் கதவைத் தட்டும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கனீபெக் வெளியே வந்தான், அவள் ஏதோ சொன்னாள், அவன் தொப்பியைக் கழற்றினான். அப்போதும் நின்றேன். தேநீர்க் கிண்ணத்தோடு வந்த புருல், "பசுவ விட்டுட்டு அங்க என்ன பராக்கு?" என்று கேட்ட பிறகுதான் வைக்கோலை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

சூரகான் போட்ட கால் தடங்களிலேயே கால் வைத்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தன் பங்கைச் சொல்லி முடித்திருந்தாள். "காத்திருந்தா பொழைச்சிருக்கும், நான்தான் தடுத்தேன், மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். டாக்டர் வந்ததையோ பாலத்தையோ என் பெயரையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனீபெக் ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வருவதைப் பார்த்து அவள் வாசற்படியிலிருந்து ஒதுங்கி, எனக்கு நிற்க இடம் விட்டாள்.